சேவல் கூவ வேண்டிய இடம்

தடைகளைத் தானே நிறுத்தித் தானே தகர்க்கும் தந்திமுகத்தோன் தாளிணை முன்னிற்க. வெண்டாமரையில் வீற்றிருந்து, வீணை நரம்பில் விரலையும் அன்பர் நெஞ்சில் விழியையும் வைத்திருக்கும் வாணியின் அருள் துணைநிற்க. சேவற்கொடியோன் சேவடி என் சென்னியில் நிற்க.

இன்று விஜயதசமி. ஒன்பது நாளும் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் வாணி விழாக் கொலுவில், ஏடுகளுக்கும் திருமுறைகளுக்கும் அருகே என் பழைய மிடி விசைப்பலகையும் வீற்றிருந்தது. காலையில் அதை எடுத்தபோது இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு இடையில் பூசைப் பூவின் இதழ் ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுக்கவில்லை. நான் ஓய்வுபெற்றவன், அந்தக் கட்டை அழுந்தாவிட்டால் இப்போது யாருக்கும் நட்டமில்லை.

கொழும்பின் நடன அரங்குகளில் விசைப்பலகை வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, தொழில் தொடங்குவதற்குரிய இந்த நன்னாளில் என் அனுபவங்களுள் ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். எந்த மென்பொருள் சிறந்தது, எந்தக் கம்பியை எங்கே பொருத்துவது என்பவற்றில் நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஆதலால் அவற்றைத் தொடமாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையின் ஓரத்தில் சம்மணமிட்டு இருந்தவன் நான்; முதலில் ஆர்மோனியம், பின்னர் கீபோர்ட், இறுதியில் தன்னொலி சிறிதும் இல்லாமல் கணினிக்குள் உறங்கும் வாத்தியங்களைத் தட்டி எழுப்பும் இந்த மிடிப் பலகை. இவற்றுள் எதுவும் என்னைக் கைவிட்டதில்லை. கைவிட்டது என் வாய்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஆரணி என்றொரு பெண்பிள்ளை இருந்தாள். கணக்கியல் படித்துக்கொண்டே பன்னிரண்டு ஆண்டுகள் நடனம் பயின்றவள். அவளுடைய அரங்கேற்றம் இருமுறை குறிக்கப்பட்டு இருமுறையும் நின்றுபோயிற்று. முதன்முறை நோய்த்தொற்று நாட்டைப் பூட்டியது. மறுமுறை எரிபொருள் வரிசைகள் வீதியைப் பூட்டின. மூன்றாம் முறை நாள் வைத்தபோது அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக் கிடைத்திருந்தது. அரங்கேற்றம் முடிந்த ஐந்தாம் நாள் விமானம். அந்த மாலை கைதவறினால் இனி ஒரு மாலை இல்லை.

நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய நடன ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைப்போம்.

"அண்ணை, புல்லாங்குழல்காரருக்குக் காய்ச்சலாம். வீணைக்கு வாறன் எண்டவவும் யாழ்ப்பாணத்தில இருந்து வர ஏலாதாம். நான் என்ன செய்ய? மூண்டாந்தரமும் தள்ளிப்போட ஏலுமே?"

"ரீச்சர், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. வீணையும் குழலும் என்ர லப்டொப்புக்குள்ள இருக்கு."

"தம்புரா?"

"அதுவும் இருக்கு. சுருதிப்பெட்டிகூடக் கொண்டு வரவேண்டாம்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். செருக்கு எப்போதும் கேளாமலே வாய் திறக்கும்.

அந்த நான்கு நாளும் உழைத்தேன். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒழுங்கிலேயே ஒலிகளைச் சங்கிலியாகக் கோத்தேன். இன்ன இடத்தில் வீணை, இன்ன இடத்தில் குழல், இன்ன இடத்தில் தம்புரா எழும், இன்ன இடத்தில் அடங்கும். காலடியில் ஒரேயொரு பெடல். ஒருமுறை மிதித்தால் அடுத்த ஒலி; மீண்டும் மிதித்தால் அதற்கும் அடுத்தது. கை கட்டையை விட்டு எழவேண்டியதே இல்லை. கணினியைப் பார்க்கவேண்டியதும் இல்லை. அது ரீச்சருக்கும் உவப்பாயிற்று; நடராசர் சிலைக்குப் பக்கத்தில் மின்னும் திரை இருப்பது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. மடிக்கணினியை எனக்குப் பின்னால் ஒரு முக்காலியில் வைத்து, பச்சைப் பட்டொன்றால் மூடிவிடுவதென முடிவாயிற்று.

ஒத்திகையில் பெடலை மிதித்து மிதித்துக் காட்டினேன். மிருதங்க வித்துவான், என்னிலும் மூத்தவர், ஒரு ரவைப்பொட்டலத்தை அவிழ்த்து இடந்தலைக்குப் பூசியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு முந்திக் கையால வாசிக்கத் தெரியும். இப்ப காலால வாசிக்கிறீர். இன்னும் பத்து வருசத்தில வீட்டில படுத்துக்கொண்டே வாசிப்பீர் போல," என்றார்.

பாடவந்தவர் பாக்கியம், ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் பசனை பாடிப் பாடித் தொண்டையைத் தீட்டியவர். அவர் விடவில்லை. "வீணை, கொழலு, தம்புரா எல்லாம் ஒரே ஆளு. அப்ப சாப்பாட்டுப் பார்சலும் மூணா வாங்கிக்குவீங்களாண்ணே?"

எல்லோரும் சிரித்தோம். நான் உரக்கச் சிரித்தேன்.

அரங்கேற்ற நாள் வந்தது. காலி வீதியை ஒட்டிய மண்டபம். வாசலில் நிறைகுடம், உள்ளே மல்லிகை மணம். புஷ்பாஞ்சலியும் அலாரிப்பும் எண்ணெயில் வழுக்கியதுபோல் நிறைவெய்தின. என் கால் மிதித்தது, சொன்னதெல்லாம் ஒலித்தது. அலாரிப்பு முடிந்ததும் வரவேற்புரை. அதற்காகத் தம்புராவை அடக்கும் கண்ணி ஒன்றைச் சங்கிலியில் முன்பே வைத்திருந்தேன். அதுவும் ஒழுங்காக அடங்கிற்று.

அப்போதுதான் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். கொழும்பில் பிரதம விருந்தினர் பிந்தி வருவதும் முந்திப் போவதும் சாத்திரத்தில் எழுதாத விதி. திரைக்குப் பின்னால் ஆரணியின் தந்தையார் கைகளைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. சேர் ஆறரைக்கு எழும்பிடுவாராம். வேற ஒரு விழாவும் இருக்காம். வர்ணத்தை மட்டும் அவர் பாத்திட்டாரெண்டா..."

"வர்ணத்தை இப்பவே போடுறதோ? அப்ப ஜதீஸ்வரம்? சப்தம்?"

"பிறகு போடலாம்தானே?"

ரீச்சர் ஆரணியைப் பார்த்தார். அவள் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தபடி, "எனக்கு ஓகே ரீச்சர். இப்ப கால் நல்ல சூட்டில இருக்கு," என்றாள். பாக்கியம் தலையசைத்தார். வித்துவான் மிருதங்கத்தை மடியில் சாய்த்தார். பின்பு எல்லாக் கண்களும் என்மேல் வந்து நின்றன.

"அண்ணை, உங்கட பக்கம்?"

"பிரச்சினை இல்லை."

கைவிட்டது என் வாய் என்று சொன்னேனே, அது இதுதான். இரண்டே இரண்டு நிமிடம் கேட்டிருக்கலாம். வரவேற்புரை இன்னும் முடிந்திருக்கவில்லை, தந்திருப்பார்கள். ஆனால் வீணையும் குழலும் தம்புராவும் நானே என்று நாலு நாளாகத் திரிந்தவனுக்கு, இரண்டு நிமிடம் கேட்பது இழுக்காகப் பட்டது. பட்டுத் துணியைத் தூக்கினேன், வர்ணத்தின் முதற்கண்ணிக்குத் தாவினேன், பட்டை மூடினேன். ஆயிற்று என்றிருந்தேன்.

ஆகவில்லை. வரவேற்புரைக்காக அடக்கிய தம்புராவை மீண்டும் எழுப்பும் கண்ணி ஜதீஸ்வரத்தின் வாயிலில் இருந்தது. அங்கே எழுந்த தம்புரா வர்ணம்வரை ஓடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில், வர்ணத்தின் தொடக்கத்தில் அதை மறுபடி எழுப்பும்படி நான் சொல்லியிருக்கவில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியை நம்பித் தொங்கியது. நான் நடுவில் நின்ற ஜதீஸ்வரத்தைத் தாண்டிக் குதித்திருந்தேன்.

திரை விலகிற்று. வர்ணம் முருகன்மேல் ரீச்சரே யாத்தது. ஆரணி மேடையின் பின்புறத்தில் கைகூப்பி நின்றாள். ஆடல் தொடங்குமுன் பாக்கியம் சிறிது இராகம் பாடவேண்டும். வீணையில் ஓர் இழை வாசித்துக் கையெடுத்தேன். கையெடுத்ததும் மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. சுருதி இல்லை. மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும். பாக்கியம் வாயைத் திறந்தவர் அப்படியே என்னைப் பார்த்தார்.

பெடல் சரியாகப் பதியவில்லை என்றெண்ணி மிதித்தேன். குழல் வந்தது. மீண்டும் மிதித்தேன். ஏதோ சலங்கை. மீண்டும் மிதித்தேன், மீண்டும். எத்தனை முறை என்பதை ஆறுமுகன் ஒருவனே அறிவான். அந்தப் பெடலுக்கு முன்னே போகத்தான் தெரியும். பின்னே வரத் தெரியாது. கடைசியாக என் இடக்கை வழமையான இடத்தில் சட்சத்தை அழுத்தியபோது, மண்டபத்தின் கூரை அதிர எழுந்தது தேவாலய ஓர்கன்.

முந்திய வாரம் ஒரு கத்தோலிக்கப் பாடகர் குழுவுக்காகச் சேர்த்த ஒலி அது. சங்கிலியின் வாலில் நீக்காமல் விட்டிருந்தேன். முன்வரிசையில் ஓர் அம்மையார் எழுந்து நிற்பதா இருப்பதா என்று ஐயுற்று அரைவாசி எழுந்தார். ஒலியமைப்பாளர் சுனில் தன் பெட்டிக்கு மேலாக எட்டிப்பார்த்து, "சேர், ஓகே த?" என்று சிங்களத்தில் வாயசைத்தார். போதாக்குறைக்குச் சுருதியும் பிழை. மற்ற ஒலிகளையெல்லாம் பாக்கியம் பாடும் ஐந்து கட்டைச் சுருதிக்கு உயர்த்தி வைத்திருந்தேன். ஓர்கன் மட்டும் தன் பிறவிச் சுருதியிலேயே நின்றது.

கையை எடுத்தேன். அந்த மாலையில் நான் செய்த முதல் நற்செயல் அதுதான். பிழையான ஒலியை வேறோர் ஒலியால் திருத்த ஓடாமல், சும்மா இருந்தேன். சும்மா இரு என்பதை எத்தனை அடியார் வாக்கில் படித்திருப்பேன்! மேடையில் அதைக் கடைப்பிடிக்க எனக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

சும்மா இருந்தபோது ஒன்று கேட்டது. வித்துவான் வலந்தலையின் ஓரத்தில் ஒற்றை விரலால் மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தார். டிங்... டிங்... நன்கு கூட்டிய மிருதங்கத்தின் அந்த மீட்டு ஐந்து கட்டைச் சட்சமேதான். தாளமும் இல்லை, சொல்லும் இல்லை; சுருதி மட்டும். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பாக்கியத்தைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பாக்கியம் கண்ணை மூடி அந்த டிங்கைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினார். தம்புராவின் துணையில்லாமல், ஒரு விரலின் நுனியைப் பற்றிக்கொண்டு அவர் குரல் ஏறிற்று. நானும் காதால் தேடி, பலகையில் ஐந்தாம் வெள்ளைக் கட்டையைக் கண்டுபிடித்தேன். ஒலியளவைக் குறைத்துக் குறைத்து, ஓர்கன் நாதசுரத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்துக்குழலைப்போல் மெலியும்வரை குறைத்து, சட்சத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினேன். அழுத்தியபடியே வைத்தேன்.

ஆரணி முன்னே வந்தாள்.

ரீச்சர் தட்டுக்கழியால் தாளமிட்டு முதல் ஜதியைச் சொன்னார். அங்கே பண் இல்லை; வெறும் சொற்கட்டு. அரை நிமிடத்துக்கு மேல் எனக்கு வேலையில்லை. கை நீட்டினால் பட்டுத் துணி. தூக்கினால் திரை. ஒரு சொடுக்கில் வர்ணத்தின் தொடக்கத்துக்குத் திரும்பலாம். தம்புராவையும் தனியே எழுப்பலாம். பத்தில் ஒன்பது பங்கு சரிவரும் என்று அறிவு கணக்கிட்டது. மீதி ஒரு பங்கு பிழைத்தால், ஜதியின் நடுவில் மீண்டும் கூரை அதிரும். அதன் பலனை அனுபவிக்கப் போகிறவள் ஆரணி; நான் வீட்டுக்குப் போய்ப் பிட்டுச் சாப்பிடுவேன். திரும்பவில்லை. அந்த வர்ணம் முழுவதும் இந்த ஒற்றை ஒலியிலேயே என்று அங்கேயே முடிவெடுத்தேன். இடக்கையின் சுண்டுவிரலும் பெருவிரலும் சுருதியாக நின்றன. வலக்கை பாக்கியத்தின் நிழலாக நடந்தது. அவ்வளவே என் கச்சேரி. நடுவில் மூக்கு அரித்தது. முருகனுக்கு அர்ப்பணம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஓரிடம் வந்துகொண்டிருந்தது. வர்ணத்தின் பிற்பாதியில், நாயகி இரவெல்லாம் முருகனுக்காக விளக்கேந்திக் காத்திருப்பாள். அவன் வாரான். சேவல் கூவும். உன் கொடியில் இருப்பவனும் உன் பக்கம்தானா, பொழுதை விடிவித்து என் காத்திருப்பை முடித்துவைக்க வந்தானா என்று அவள் சினந்து திரும்புவாள். அந்தச் சேவல் குழலில் கூவவேண்டும்: மூன்று குறுகிய ஒலி, ஒரு நெடிய ஒலி. ஆரணி அப்போது முகத்தை அப்பால் திருப்பிக் கண்மூடி இருப்பாள். கூவல் கேட்டால்தான் கண் திறப்பாள். ஒத்திகையில் இருபது முறையாவது அப்படியே செய்திருந்தோம்.

குழலைத் தேடி மிதிக்கவா? வாலிலிருந்து இன்னும் மிதித்தால் எங்கே போகுமென்று எனக்கே தெரியாது. பாக்கியத்துக்குக் கண்ணால் சாடை காட்டினேன். அவருக்கு என்ன விளங்கிற்றோ, விளக்கேந்திய அடியை மறுபடி பாடினார்; மறுபடியும் பாடினார். ஆரணி கண்மூடிக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள்.

வலக்கையைப் பலகையின் உச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர்கன் மெல்லியது, ஈர்க்குப்போல. அந்த ஒலியிலேயே கூவினேன்: மூன்று குறில், ஒரு நெடில்.

அவள் சினந்து திரும்பவில்லை. மெல்லத் தலையை உயர்த்தினாள். ஒரு கையைச் செவியருகே கொண்டுபோனாள். எங்கிருந்து வருகிறது என்று மேலே தேடினாள். முகத்தில் ஒரு புன்னகை அரும்பிற்று; விடியலைக் கண்ட மகிழ்ச்சி. பின்புதான், விடிந்துவிட்டால் அவன் வரவில்லை என்பதன்றோ பொருள் என்று உணர்ந்தவள்போல் அந்தப் புன்னகை வாட, சேவலைப் பார்த்துச் சினந்தாள். ஒத்திகையில் இல்லாத ஒரு கணம் அது. மண்டபத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். பாக்கியம் அடுத்த அடியை எடுத்தார். வித்துவான் முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசிப்பில் தலையைக் குனிந்துகொண்டார்.

வர்ணம் நிறைவுற்றது. கைதட்டல் அடங்கப் பொழுதாயிற்று. ஆறரைக்கு எழவேண்டிய பிரதம விருந்தினர் எழவில்லை. ஜதீஸ்வரத்துக்கும் இருந்தார், தில்லானாவுக்கும் இருந்தார், மங்களம் பாடியபின் சாப்பாட்டுக்கும் இருந்தார்.

வர்ணம் முடிந்ததும் பிரதம விருந்தினர் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ரீச்சர் குனிந்து கேட்டார்: "அண்ணை, அடுத்ததுக்கு வீணை வருமே?"

"ரெண்டு நிமிசம் தாங்கோ ரீச்சர்."

தந்தார். அவ்வளவுதான். கேட்டால் தருகிறார்கள்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டால் சிரித்துவிட்டு இதை மறந்துவிடுவீர்கள். உங்கள் ஒலி ஒவ்வொன்றும் தன்காலில் நிற்கட்டும். எந்த இடத்தில் தொடங்கினாலும் தம்புராவோடும் சரியான சுருதியோடும் அது முழுதாய் எழவேண்டும். முன்னே போகும் பெடல் ஒன்று வைத்தால், எந்தக் காட்டில் நின்றாலும் சுருதிக்குத் திரும்பும் பொத்தான் ஒன்றையும் வையுங்கள். அதைக் கண்மூடித் தொடப் பழகுங்கள். சுருதிப்பெட்டியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். மேடையில் ஒலி பிழைத்தால் அடுத்ததைத் தேடுமுன் கையை எடுத்து, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதை அநேகமாக அவர் முன்பே செய்துகொண்டிருப்பார். நிரல் மாறும்போது, அது எவர் கேட்ட மாற்றமாயினும், "பிரச்சினை இல்லை" என்ற சொல்லை நாவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து பட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது வித்துவான் அருகே வந்தார். அந்த டிங்குக்காக நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நன்றியை விடும்," என்றார். "அடுத்த ஞாயிறு எந்தச் சேர்ச்சில உமக்குப் பூசை? நான் மிருதங்கத்தோட வரட்டே?"

பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஆரணியைத் தேடிப் போனேன். அலங்கார அறையில் சலங்கையைக் கழற்றிக்கொண்டு, வியர்வையில் கலைந்த மையோடு இருந்தாள். என் வாழ்நாளில் ஒரு கலைஞரிடம் மன்னிப்புக் கேட்கப் போனது அதுவே முதன்முறை.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும். இத்தனை வருசம் காத்திருந்த வர்ணம். வீணையும் வரேல்லை, குழலும் வரேல்லை. உம்மட சேவல்கூடக் கூவேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ மாமா! சேவல் கூவேல்லையோ? ஆர் சொன்னது?"

"அது ஓர்கன் பிள்ளை. சேர்ச் ஓர்கன்."

"அதுதான் மாமா!" என்று ஒரு காலில் சலங்கையோடேயே எழுந்துவிட்டாள். "எங்கட கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டில சேவல் எங்க கூவுது? பிறந்ததில இருந்து என்னை விடிய எழுப்புறதே பின்பக்கத்துச் சேர்ச் ஓர்கன்தான். குழல்ல கேக்கேக்க ஒவ்வொரு தரமும் நடிச்சனான். இண்டைக்குத்தான் உண்மையா விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சனான். ஐஞ்சு நாளில இந்தச் சத்தத்தை விட்டிட்டுப் போகப்போறன் எண்டும் அப்பதான் விளங்கிச்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்; மை இன்னும் கலைந்தது. முருகா என்று மட்டும் சொன்னேன். எந்தக் குழலில் ஊதினாலும் தன் அடியவருக்கு விளங்கும் குரலில் சென்று சேர்பவன் அவன். அன்று அந்த வேலையை என் பெடலையும் என் செருக்கையும் தாண்டி அவனே பார்த்துக்கொண்டான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும் விரல் சோராதிருக்க, சுருதி விலகாதிருக்க, மின்சாரம் நிகழ்ச்சி முடியுமட்டும் நில்லாதிருக்க. உங்கள் அருகே எந்நாளும் நல்லதொரு மிருதங்கம் அமைக. நீங்கள் எழுப்பும் ஒலி எதுவாயினும், கேட்பவர் நெஞ்சில் அது பொழுது புலர்விப்பதாகுக. வேலும் மயிலும் துணை.